அண்டா இருக்குமிடம்

ஜூன் 8, ஞாயிறு

மழை. வாகட் வீட்டிலிருந்து ஆகுர்டி போய்ச் சேர்வதற்குள் பாதி நனைந்தேன், மீதியை எதிரே வந்த பஸ் நனைத்தது. புனே பவனா தமிழ் மன்றத்தின் கூட்டம். மன்றத்துக்கு இந்த வருடம் ஐம்பது வயது. செயலாளர் ரங்கராஜன் மாமா எழுந்து, "பொன்விழாவுக்கு நாம ஒரு டிஜிட்டல் பண்பாட்டு ஆவணக்காப்பகம் பண்ணப்போறோம்" என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினோம். தட்டி முடித்த பிறகுதான் ஜோசபின் டீச்சர் கேட்டார், "அதுல என்னத்த வைக்கப்போறோம்?"

நியாயமான கேள்வி. எங்களிடம் ஓலைச்சுவடி இல்லை. செப்பேடு இல்லை. பழைய போட்டோக்கள் மன்றத்து பீரோவில் இருந்தன. பீரோவுக்கு மேலே கூரை ஒழுகியது. தப்பித்தது ஒரே ஒரு படம். அதில் அப்போதைய தலைவர் மேடையில் தூங்குகிறார்.

"ஊர்லேர்ந்து நாம கொண்டுவந்ததுன்னு பாத்தா பாத்திரம்தான்" என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இல்லையே! எழுந்து நின்றேன். பாத்திரத்தில் பெயர் வெட்டியிருக்கிறதே, அதுவும் கல்வெட்டு மாதிரிதானே, யார், எந்தத் தேதி, எந்த ஊர், யார் அன்பளிப்பு, எல்லாம் இருக்கிறதே என்று ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டேன்.

"பேஷ்!" என்றார் மாமா. "அப்போ பொறுப்பு நீலாவோடது."

எனக்கு எப்பத்தான் புத்தி வருமோ.

ஜூன் 9, திங்கள்

நிர்மலிடம் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து என் கணவன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "கல்வெட்டுக்கு ஆராய்ச்சியாளருங்க இருக்காங்க. கரண்டிவெட்டுக்கு நீயா?"

ஜூன் 14, சனி

என் பிழைப்பே இதுதான், அதனால் பயமில்லை. நூலகப் பட்டியல்களை ஒன்றோடொன்று கோத்துவிடும் வேலை. இங்கே நூலுக்குப் பதில் தூக்குவாளி, அவ்வளவுதான்.

குழுவுக்கு இன்று விளக்கினேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இணையத்தில் ஒரு நிரந்தர முகவரி கொடுப்போம். அதைப் பற்றித் தெரிந்ததைச் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுவோம்: இந்தத் தூக்கு, பெயர் வெட்டப்பட்டவர், இன்னார். அந்த இன்னாருக்கும் ஒரு முகவரி. அவருடைய சொந்த ஊர் ஏற்கெனவே உலகப் பொதுத் தரவுத்தளங்களில் இருக்கும், அதனோடு கோத்துவிட்டால் போதும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எடுத்துக்கொள்ளலாம், தங்கள் தரவோடு இணைத்துக்கொள்ளலாம். இதற்குப் பெயர் இணைந்த திறந்த தரவு.

ஒருவர் கொட்டாவி விட்டார்.

"ஆதார் மாதிரியா?" என்றார் ரங்கராஜன் மாமா.

"ஆமாங்க மாமா. பாத்திரத்துக்கு ஆதார்."

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. நான் எதற்கு அவ்வளவு நேரம் தொண்டை கிழியப் பேசினேன்?

ஜூன் 29, ஞாயிறு

பாத்திரம் சேகரிப்பு நாள். மன்றத்துக் கூடம் ஒரு கல்யாண வீட்டின் பின்கட்டு போல ஆகிவிட்டது. டபரா, சம்புடம், தாம்பாளம், அடுக்கு, குண்டான். ஒவ்வொன்றையும் படம் பிடித்து, வெட்டியிருப்பதை அப்படியே எழுதிக்கொண்டேன். "அத்தை மாமா அன்பளிப்பு." "மாமா அத்தை அன்பளிப்பு" (அதே கல்யாணம், இரண்டு கட்சி போலிருக்கிறது). "அன்பளிப்பூ." ஒரு தட்டில் மணமகன் பெயர் வெட்டி, அடித்து, வேறு மணமகன் பெயர் வெட்டியிருந்தது. கொண்டுவந்த பாட்டியம்மா "அது ஒரு பெரிய கதை" என்று சொல்லிவிட்டுக் கதையைச் சொல்லாமலே போய்விட்டார். இன்று தூக்கம் வராது.

எல்லோரிடமும் ஒப்புதல் கையெழுத்து வாங்கினேன். ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை.

வர முடியாதவர்கள் வீட்டிலேயே படம் பிடித்து அனுப்பலாம் என்று சொன்னதுதான் தாமதம், ரங்கராஜன் மாமா தன் சமையலறையையே முழுதாக அனுப்பிவிட்டார். மாமாவின் மனைவி சந்திரிகா மாமி பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறாராம். அதனால் "தொந்தரவு இல்லாம" எடுக்க முடிந்ததாம்.

ஜூலை 5, சனி

ஒரு நல்ல காரியம் செய்தேன், எழுதி வைக்கிறேன். "பெயர் வெட்டப்பட்டவர்", "இப்போது இருக்குமிடம்" என்று இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டேன். கொண்டுவந்தவர் வீடுதான் இருக்குமிடம். பாத்திரம் ஒருவர் பெயரில் இருந்து இன்னொரு வீட்டில் இருக்கலாம் அல்லவா? சீர், பரம்பரை, அப்படி. எவ்வளவு நுட்பமாக யோசித்திருக்கிறேன்! நிர்மலைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ம்" என்றான், கிரிக்கெட்டைப் பார்த்துக்கொண்டே.

ஜூலை 19, சனி

வெளியிட்டாயிற்று. பாத்திரத்தில் வெட்டிய முதலெழுத்துகளை மன்றத்தின் உறுப்பினர் பதிவோடு பொருத்தியது நன்றாக வேலை செய்தது. "வை.பா." என்றால் வைஜயந்தி பாஸ்கர். பெயரை அமுக்கினால் அவர் பெயர் வெட்டிய பாத்திரங்கள் எல்லாம் வரும், எங்கே இருக்கிறது என்பதோடு. வாட்சாப் குழுவில் சுட்டியைப் போட்டேன். இரண்டு கைகூப்பு, ஒரு "குட் மார்னிங்".

ஜூலை 22, செவ்வாய்

பார்த்தவர்கள் மொத்தம் இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருவரும் நான்தான், போனில்.

ஜூலை 24, வியாழன்

காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். போன். ஆகுர்டி வைஜயந்தி அக்கா. கணவர் பாஸ்கர் அண்ணன் மோட்டார் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா சத்தமாகப் பேசுவார், ஆனால் இன்று மெதுவாக ஆரம்பித்தார். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

"ஏம்மா நீலா, அந்த லிங்க்கு தொறந்து என் பேர அமுக்கினேன். கீழ அண்டான்னு வருது."

"ஆமாங்க்கா."

"இருக்குமிடம் வாகட்னு வருது."

அடுப்பைத் தணித்தேன்.

"வாகட்ல ரங்கராஜன் சார் வீடுன்னு வருது."

இட்லி மாவு கரண்டியிலிருந்து என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இருபது வருஷம்! பாகல் மாதிரி, பைத்தியம் மாதிரி தேடினேன்மா அந்த அண்டாவ! என் நாத்தனார்தான் எடுத்துட்டான்னு அவ பொண்ணு கல்யாணத்துக்கே நான் போகல, தெரியுமா? அரே, எல்லாரும் ஒரே காலனியில இருந்தோம்மா. மாமி பொண்ணு நிச்சயதார்த்தத்துக்கு நான்தான் தூக்கிக் குடுத்திருக்கேன். எனக்கே மறந்துபோச்சு. அவங்களுக்குமா மறந்துபோச்சு?"

அய்யோ.

ஜூலை 25, வெள்ளி

ரங்கராஜன் மாமா போன்.

"நீலா, அந்த அண்டாவை எடுத்துடு."

"வீட்டிலிருந்துங்களா மாமா?"

"இணையத்துலேர்ந்து!"

மாமி பெங்களூரிலிருந்து திரும்பிவிட்டாராம். மாமா எடுத்த போட்டோக்களைப் பார்த்தாராம். அன்று முதல் மூன்று வேளையும் மாமாவுக்கு ரவா உப்புமாதானாம். "நேத்து வெங்காயம்கூட இல்லே" என்றபோது குரல் உடைந்தது.

எடுக்க முடியாது என்று சொன்னேன். திறந்த தரவு, யார் யாரோ ஏற்கெனவே பிரதி எடுத்திருப்பார்கள். எங்கள் பக்கத்திலிருந்து அழித்தாலும் பதிவு உலகத்தில் எங்காவது இருக்கும். "அண்டாவும்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

ஜூலை 27, ஞாயிறு

இப்போது எல்லோரும் பார்க்கிறார்கள். எல்லோரும் அவரவர் பெயரை அமுக்குகிறார்கள். வாட்சாப் குழு பற்றி எரிகிறது. குடியரசு தினத்தன்று நேர்மையைப் பற்றிப் பேசியவர் வீட்டில் இன்னொருவருடைய கல்யாணத் தாம்பாளம். மாவு சலிக்கும் ஜல்லடை ஒன்று மூன்று வீடு மாறி இருக்கிறது. ஒருவர் பெயர் வெட்டிய பொருள் அவர் வீட்டிலேயே இருப்பது அபூர்வம். "பிறர் வீட்டில் உள்ள உங்கள் பாத்திரங்கள்" என்று பக்கத்தின் ஓரத்தில் ஒரு பெட்டி தானாக வருகிற மாதிரி செய்திருந்தேனே, அதை யார் செய்யச் சொன்னது? யாரும் சொல்லலை. நானே செஞ்சேன். அழகா இருக்கும்னு செஞ்சேன்.

ஜூலை 28, திங்கள்

எங்கள் இட்லிக் குண்டாவின் மூடியைக் கழுவும்போது கை எதிலோ உரசியது. திருப்பிப் பார்த்தேன்.

"ஜோசபின்."

ஊரடங்கின்போது டீச்சரிடம் வாங்கியது. பதிவேற்றுவதா, வேண்டாமா? ஒரு மூடி பாத்திரமாகுமா? மூடி என்பது பாத்திரத்தின் பகுதிதானே? வரையறையில் மூடியைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே?

ஜூலை 30, புதன்

பதிவேற்றினேன். சிறிது நேரத்தில் டீச்சரிடமிருந்து செய்தி: "இத்தனை வருஷமா நான் சாப்பாட்டுத் தட்டைப் போட்டு இட்லி மூடிட்டிருக்கேன் நீலா. God bless you." ஆசீர்வாதமா இது?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அவசரக் கூட்டம். பாத்திரம் கொடுத்தவர்கள் இடப்பக்கம், வாங்கியவர்கள் வலப்பக்கம் உட்காருங்கள் என்று ரங்கராஜன் மாமா ஏற்பாடு செய்தார். கொஞ்ச நேரம் எல்லோரும் எழுந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்துகொண்டே இருந்தார்கள். யாராலும் உட்கார முடியவில்லை. எல்லோருமே கொடுத்திருக்கிறார்கள், எல்லோருமே வாங்கியிருக்கிறார்கள்.

காப்பகத்தை மூட வேண்டும், பொன்விழாவையே ரத்து செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தது. சரி, மூடிவிடலாம் என்று நானே சொல்ல வாயெடுத்தேன். அப்போது வைஜயந்தி அக்கா எழுந்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தோம். கத்தவில்லை.

"அண்டா போனா போகுது மாமி. தினம் சாயங்காலம் ஒண்ணா உக்காந்து காய் நறுக்கினவங்கதானே நாம? நீங்க வாகட் போனதுலேர்ந்து ஒரு போனு கூட இல்ல. எதிர்ல வந்தாலும் வேற பக்கம் போறீங்க. நான் என்ன தப்பு பண்ணேன்னு இத்தன வருஷமா யோசிச்சிட்டே இருந்தேன். ஒரு அண்டாவுக்காகவா?"

சந்திரிகா மாமி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மாமா பின்னாலேயே ஓடினார். மைக்கை அணைக்க மறந்துவிட்டதால் அது கொஞ்ச நேரம் தனியாக இரைந்துகொண்டிருந்தது.

எனக்குச் சாப்பாடே இறங்கலை. ஏதோ பெருமைக்கு ஆரம்பிச்சது. ரெண்டு பேர இப்படிப் பண்ணிட்டேனே.

ஆகஸ்ட் 6, புதன்

புனே கோத்ரூடிலிருந்து ஒரு மின்னஞ்சல். ஷர்வரி என்று ஓர் ஆய்வு மாணவி. மராத்திப் பெண். எங்கள் தரவைத் திறந்த இணையத்தில் கண்டெடுத்து, மற்ற தரவுகளோடு கோத்துப் படம் போட்டிருக்கிறாள். வட்டம் வட்டமாக அம்புக்குறிகள். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதன் சாரம்: உங்கள் சமூகத்தில் அநேகமாக எந்தப் பாத்திரமும் அதன் உரிமையாளர் வீட்டில் இல்லை. இது தற்செயலாக இருக்க முடியாது. வீடுகளுக்கிடையே பாத்திரங்களைச் சுற்றவிடும் நுட்பமான ஒரு சடங்கு இருப்பதாக ஊகிக்கிறேன். அடுத்த சடங்கு எப்போது? நேரில் பார்க்க அனுமதி உண்டா?

நிர்மல் அதைப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மின்னஞ்சலை ரங்கராஜன் மாமாவுக்கு அனுப்பினேன், சிரிப்பதற்காக. உடனே போன்.

"சடங்கு எப்போன்னு கேக்கறாளா?"

"ஆமாங்க மாமா. ஆனா அப்படி ஒரு சடங்கே இல்லீங்களே."

யோசித்தார். யோசிப்பது எனக்குக் கேட்டது.

"அக்டோபர் அஞ்சு, ஞாயித்துக்கிழமை."

"மாமா!"

"மகாளயம், நவராத்திரி எல்லாம் முடிஞ்சுடும். பொன்விழாவையும் அன்னிக்கே வெச்சுண்டுடலாம். அவளுக்குத் தோதுப்படறதான்னு கேளு."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முடியாது. என்னால் பொய்த் தரவு ஏற்ற முடியாது. பாத்திரத்துக்கு ஆதார் கொடுத்தவள் நான். ஷர்வரிக்கு உண்மையை எழுதிவிட்டேன்: சடங்கு எதுவும் இல்லை, இரவல் வாங்கினோம், திருப்பித் தரவில்லை, மன்னிக்கவும்.

அவள் போனிலேயே கூப்பிட்டாள். ஹிந்தியில். சிரித்துச் சிரித்து இருமினாள். பிறகு கேட்டாள், "அது சரி தீதி, ஏன் திருப்பித் தரவில்லை? எல்லோருமா மறந்துவிடுவார்கள்? கேளுங்கள். அதையும் ஒரு தகவலாகச் சேருங்கள்."

"திருப்பித் தராத காரணம்" என்று பதிவில் ஒரு புதுக் கட்டம் திறந்திருக்கிறேன். இனி வீடு வீடாகப் போய் இதை வேறு கேட்க வேண்டும். இந்தப் புனேயில் எனக்கு இனி யார் காபி கொடுப்பார்கள்?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காபி கொடுத்தார்கள். முதலில் முறைத்தார்கள், அப்புறம் கொடுத்தார்கள். முதலில் எல்லோரும் ஏதேதோ சொன்னார்கள், வீடு மாறினோம், உடம்பு சரியில்லை, அவங்க கேக்கலை. கொஞ்சம் பொறுத்தால் கடைசியில் ஒரே பதில்தான் வருகிறது. காலிப் பாத்திரமாக எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஏதாவது பலகாரம் செய்து போட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தார்கள். தீபாவளிக்குச் செய்யலாம் என்று தள்ளினார்கள். தீபாவளிக்குக் கடையில் வாங்கினார்கள். கடைப் பலகாரத்தைப் போட்டுக் கொடுக்க மனம் வரவில்லை. அப்படியே அலமாரியில் பின்னுக்குப் போய்விட்டது.

என் கதையும் அதுதான். மூடியில் என்னத்தைப் போட்டுக் கொடுப்பது?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கணபதி உற்சவம். தெருவெல்லாம் டோல் மேளச் சத்தம், ஆட்டோ கிடைக்கவில்லை. நடந்தே சந்திரிகா மாமி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்துவிட்டுத் திரும்பி உள்ளே நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

பால்கனியில் இருந்தது அண்டா. பித்தளை. தினமும் துடைப்பார் போல, பளபளவென்றிருந்தது. "வை.பா." என்ற எழுத்தின் இடுக்கில்கூடக் கறுப்பு இல்லை.

கேள்வியை நான் கேட்கவே இல்லை. மாமியே ஆரம்பித்தார்.

"நீயே சொல்லு, அண்டாவைக் காலியாத் திருப்பித் தர முடியுமோ? தளும்பத் தளும்ப ரொப்பின்னா தரணும்? நூறு பேர் சாப்பிடற அண்டா! சக்கரைப் பொங்கல் பண்ணி ரொப்பித் தரணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள இங்க குடி வந்துட்டோம். ஒரு வருஷம் ஆயிடுத்து. ஒரு வருஷம் கழிச்சு வெறும் அண்டாவை உருட்டிண்டு போனா அவ என்ன நெனச்சுப்பா? அஞ்சு வருஷம் ஆயிடுத்து. அப்புறம் அவகிட்டப் பேசவே கூச்சம். போன் பண்ணினா அவளுக்கு அண்டா ஞாபகம் வந்துடுமோன்னு... போனே பண்ணலே."

கீழே டோல் சத்தம் ஒரேயடியாக எழுந்தது. மாமி முந்தானையால் அண்டாவைத் துடைத்தார், அப்புறம் கண்ணை.

நான் என்ன சொல்லித் தேற்றினேன் என்று நினைவில்லை. "அக்டோபர் அஞ்சாம் தேதி ரொப்பிடலாங்க மாமி" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. பின்னாலிருந்து மாமாவின் குரல்: "நூறு பேருக்கா?" மாமி திரும்பிப் பார்த்தார். "நூத்தம்பதா வெச்சுக்கோ" என்றார் மாமா, அவசரமாக.

அக்டோபர் 5, ஞாயிறு

கை வலிக்கிறது, ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

எல்லோரும் அடுத்தவர் பாத்திரத்தோடு வந்தார்கள், ஒன்றும் காலியில்லை. தூக்கில் பாயசம், சம்புடத்தில் தட்டை, ஜல்லடையில் வாழையிலை விரித்து அதிரசம். நான் மூடியை மல்லாத்தி, தட்டு மாதிரி ஏந்தி, உளுந்து வடை அடுக்கிக் கொண்டுபோனேன். ஜோசபின் டீச்சர் வடையை எண்ணாமல் மூடியைத்தான் முதலில் தடவிப் பார்த்தார்.

ஷர்வரி ஸ்கூட்டரில் வந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. பக்கத்து வீட்டுக்காரருடையதாம். "எங்களிலும் காலி டப்பாவைத் திருப்ப மாட்டோம். இதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. நான் போகும்போது இதிலும் ஏதாவது போட்டுக் கொடுங்கள்" என்றாள். ஆராய்ச்சிக்கு வந்தவள் அதிரசத்துக்கு வரிசையில் நின்றாள்.

ரங்கராஜன் மாமா மைக்கைப் பிடித்தார். "தொன்றுதொட்டு நம் சமூகத்தில் நடந்துவரும்..."

நான் முறைத்தேன்.

"...தொன்றுதொட்டு, இந்த வருஷத்துலேர்ந்து நடந்துவரும்..."

அப்போது டெம்போ வந்தது. அண்டாவை நான்கு பேர் சேர்ந்து இறக்கினார்கள். தளும்பத் தளும்பச் சக்கரைப் பொங்கல், மேலே நெய் மினுங்கியது. வைஜயந்தி அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவருடைய நாத்தனார், அழைத்து வரப்பட்டிருந்தார்; இத்தனை வருடம் சந்தேகப்பட்டதற்குப் பரிகாரமாக முன்வரிசை நாற்காலி கொடுத்திருந்தார்கள். அவர் முகத்தில் அப்படியொரு வெற்றி.

மாமி அண்டாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். புடவைத் தலைப்பைத் திருகினார். "ஏலக்காய் தூக்கலாப் போட்டிருக்கேன் வைஜயந்தி. உனக்குப் பிடிக்குமேன்னு."

அக்கா ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். கூடமே அவர் வாயைப் பார்த்தது.

"முந்திரி கம்மி மாமி" என்றார். அடுத்த நொடி "ஓ"வென்று அழ ஆரம்பித்தார். மாமியும். நாத்தனாரும் சேர்ந்துகொண்டார், அவருக்கு எதற்கென்று தெரியவில்லை. பாஸ்கர் அண்ணன் மட்டும் நிதானமாகத் தட்டை நீட்டி, "பொங்கல் ஆறிப்போவுது" என்றார்.

நிர்மல் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். கரண்டிவெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்டோபர் 11, சனி

ஒவ்வொரு பதிவிலும் இருக்குமிடத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். எல்லாப் பாத்திரமும் அதனதன் வீட்டில். ஷர்வரி தன் பக்கத்தில் விழாவுக்கும் ஒரு முகவரி கொடுத்து எங்கள் தரவோடு கோத்துவிட்டாள். தொடங்கிய ஆண்டு என்ற இடத்தில் 2025 என்றுதான் போட்டிருக்கிறாள். மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம். ஆயிரம் வருடமாவது போட்டிருக்கலாம் என்கிறார்.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்னும் ஒரே ஒரு பதிவுதான் பாக்கி, அண்டா. பாஸ்கர் அண்ணன் செய்தி அனுப்பியிருக்கிறார்: ஃப்ளாட்டின் சமையலறைக் கதவுக்குள் அது நுழையவில்லையாம், மூன்று வாரமாகக் கீழே பார்க்கிங்கில் அவருடைய பைக் நிற்கும் இடத்தில் நிற்கிறதாம், பைக் தெருவில் நனைகிறதாம், தயவுசெய்து இருக்குமிடம் என்று வேறு ஏதாவது முடிவு பண்ணும்மா என்கிறார்.

நானா முடிவு செய்வது? வைஜயந்தி அக்காவுக்குப் போன் செய்தேன். வேறு அழைப்பில் இருந்தார். சரி, சந்திரிகா மாமியிடம் கேட்கலாம் என்றால் அவரும் வேறு அழைப்பில்.

டீ போட்டேன். குடித்தேன். துணி மடித்தேன். மறுபடி அக்காவுக்கு, பிஸி. மாமிக்கு, பிஸி.

அண்டாவின் இருக்குமிடத்தைக் காலியாகவே விட்டுவிட்டுக் கணினியை மூடினேன்.